மீன் பரிமாற்றத்தில் வாங்கிய மீன்கள் மறுநாளே இறக்கின்றன – அவசர உதவி தேவை

பைமேசை
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வண்ண மீன் வளர்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நடைபெறும் மீன் பரிமாற்றத்தை, அதாவது உறுப்பினர்கள் பையில் கட்டிக் கொண்டுவரும் மீன்களை மற்றவர்கள் வாங்கிச் செல்லும் மேசையை, நான் கவனித்துக்கொள்கிறேன். சென்ற கூட்டத்தில் மீன் வாங்கிச் சென்றவர்களில் பலர், மறுநாள் காலைக்குள் அவை செத்து மிதந்ததாகக் கூறுகிறார்கள். மேசைமீது இருந்தவரை எல்லா மீன்களும் நன்றாகவே நீந்தின. வரும் ஞாயிறு அடுத்த கூட்டம். அதற்குள் எதை மாற்ற வேண்டும் என்று தயவுசெய்து கூறுங்கள்.

கப்பி விரும்பி
என்னென்ன மீன்கள், ஒரு பையில் எத்தனை, வாங்கியவர்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் என்பவற்றைச் சொல்லாமல் எப்படிக் காரணம் கூற முடியும்?

உப்பே மருந்து
இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஒவ்வொரு பையிலும் ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எந்த மீன் வந்தாலும் முதலில் உப்புதான்.

ஏரிக்கரை
பைகள் எப்போது கட்டப்பட்டன? மீன்களுக்குக் கடைசியாக எப்போது தீனி போட்டார்கள்?

பழைய தொட்டி
தன்னார்வத் தொண்டு என்று ஆர்வத்தோடு வருபவர்கள், முதலில் சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூரில் ஏதேனும் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் அரை நாள் நின்று, அவர்கள் எவ்வாறு பை கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் இத்தகைய கேள்விகளே எழாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். இது பால பாடம். உங்கள் சங்கத்தில் வாயால் ஊதிக் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பைமேசை
வாயால் யாரும் ஊதுவதில்லை. பையைக் காற்றில் வீசி, ரப்பர் பேண்ட் போடுகிறோம். இறந்தவை பிளாட்டி, மோலி, ஏஞ்சல் குஞ்சுகள். பைக்கு ஆறு அல்லது எட்டு இருந்தன. தனித்தனிப் பையில் வந்த சண்டை மீன்கள் ஒன்றுகூட இறக்கவில்லை. கொண்டுவருபவர்கள் சனிக்கிழமை இரவே தீனி போட்டுவிட்டுக் கட்டிவிடுகிறார்கள். வாங்கியவர்கள் ஞாயிறு மாலைதான் பையைத் திறக்கிறார்கள். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் பழக்கிய பிறகே மீனை விடுமாறு சங்கத்தின் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறோம். பெரும்பாலானோர் வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர்.

தாவரத்தொட்டி
காரணம் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. கட்டிய பைக்குள் மீன்களின் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) இறங்குவதால், அவற்றின் செவுள் வழியே வெளிவரும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே தங்கியிருக்கிறது. பையைத் திறந்தவுடன் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறத் தொடங்கும், அதன்மேல் காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரையும் சொட்டவிட்டால் அம்மோனியம் நஞ்சாக மாற, மீன் இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே கிடக்கிறது. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நஞ்சான பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீடு சேரும் மீனுக்குச் சொட்டு முறை சரி. இரவெல்லாம் பையில் இருந்த மீனுக்குச் சரியில்லை. கட்டிய பையை அப்படியே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். உப்பு, தொட்டியில் அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சுக்கு உதவும், அம்மோனியாவுக்கு உதவாது.

பழைய தொட்டி
ஆர்.ஓ. தண்ணீரில் வளர்ந்த ஏஞ்சல் குஞ்சைத் திடீரென்று கடினமான போர் தண்ணீரில் போட்டால் அதுவும் சாகும். பாதி உண்மையை முழு உண்மையாக எழுதாதீர்கள். சண்டை மீன் பிழைத்ததற்கு அது மேற்காற்றைச் சுவாசிப்பதே காரணம். ஆகவே குறைபாடு ஆக்சிஜன்தான்.

தாவரத்தொட்டி
ஒரு பைக்கு ஒரே மீன் என்றால் அம்மோனியாவும் குறைவு என்பதை விட்டுவிட்டீர்கள். மூச்சுத் திணறியிருந்தால் அவை மேசையிலேயே வாயைப் பிளந்து மேலே வந்திருக்கும். தண்ணீரின் வேறுபாடு குறித்து நீங்கள் கூறுவதை ஏற்கிறேன். ஆகவே, கொண்டுவருபவர் தம் தண்ணீர் எது என்று பைமேல் எழுதட்டும்.

கப்பி விரும்பி
சங்கம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிவிட்டால் இந்த வாதமே தேவையில்லையே?

ஏரிக்கரை
யார் பணத்தில்? சந்தா மண்டப வாடகைக்கே சரியாக இருக்கிறது. அதற்கு மேல் சிலிண்டரை ஒவ்வொரு மாதமும் நிரப்பி, ஆட்டோவில் ஏற்றி வருவதும் இதே இரண்டு மூன்று தன்னார்வலர்களின் தலையில்தான் விழும். முதல் நாள் தீனி போடாமல் ஞாயிறு காலையில் பை கட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பழைய தொட்டி
காலையில் வலை போட்டுப் பிடிக்க உறுப்பினர்களுக்குச் சோம்பல். சனிக்கிழமை இரவு கட்டிய பையை மேசையில் வாங்கமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

கப்பி விரும்பி
சம்பளமின்றி உழைப்பவர்களிடம் இந்தத் தொனி வேண்டாம், ஐயா. கண்டிப்புக் காட்டினால் அடுத்த மாதம் மீனும் வராது, ஆளும் வராது.

உப்பே மருந்து
நான் இன்னமும் உப்பையே சொல்வேன்.

பைமேசை
கூட்டம் முடிந்தது. துண்டறிக்கையை மாற்றினோம், காலையில் கட்டிய பைகளை மட்டும் வாங்கினோம். மீன் வரத்து பாதியாகக் குறைந்தது. இதுவரை ஒரே ஒரு வீட்டிலிருந்துதான், அதுவும் ஏஞ்சலுக்காக, புகார் வந்திருக்கிறது. அந்தப் பைமேல் தண்ணீர் எது என்று யாரும் எழுதவில்லை. நன்றி.