சம்பளச் சீட்டில் பி.எஃப் 2,880 பிடிக்கிறார்கள், இது சரியா? (மணலி, கான்ட்ராக்ட் வேலை)

கேள்வி: தண்டையார்பேட்டை_அண்ணன்

என் தம்பி மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை செய்கிறான், இரண்டு வருஷம் ஆகிறது. காலை எட்டுக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்குத்தான் கேட் திறக்கும். மாசம் 26 நாள். சம்பளச் சீட்டு என்று பேப்பர் கிடையாது, வாட்ஸப்பில் ஒரு போட்டோ வரும், அதுவும் பாதி வெட்டுப்பட்டு. போன மாசத்து முழுப் போட்டோவைக் கேட்டு வாங்கினேன். அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப்படி 2,000, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) 104 மணி நேரத்துக்கு 6,000. மொத்தம் 20,000. பிடித்தம்: பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) 2,880, இ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 150. கைக்கு 16,970.

பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன், கூட்டிப் பார்த்தால் மாசாமாசம் அதே 2,880 ஏறியிருக்கிறது. பிடித்த காசு கணக்குக்குப் போய்விட்டது, அப்போ சரிதானே என்று அவன் சொல்கிறான். எனக்கு ஏனோ உறுத்துகிறது.

இன்னொரு விஷயம், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் 19,000 தருகிறோம் வா என்கிறார்கள், எட்டு மணி நேர ஷிஃப்ட். ஆனால் கம்பெனி பஸ் டோல்கேட்டில் விடியற்காலை 4.15-க்கு. வீட்டுக்குப் பக்கத்திலேயே இத்தனை கம்பெனி இருக்கும்போது எதுக்கு அங்கே போகணும் என்று அம்மா ஒரே பிடிவாதம். என்ன செய்யலாம்?

பதில்: மூணாம்_ஷிஃப்ட்

உங்கள் உறுத்தல் சரி, தம்பி சொல்வது தப்பு. பி.எஃப்-இல் தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். 12,000-க்கு 12 சதவீதம் என்றால் 1,440. அவ்வளவுதான் உங்கள் தம்பி சம்பளத்தில் பிடிக்கணும். இன்னொரு 1,440 கான்ட்ராக்டர் தன் பாக்கெட்டிலிருந்து போடணும். பாஸ்புக்கில் நன்றாகப் பாருங்கள், மூன்று கட்டம் இருக்கும்: தொழிலாளி பங்கு 1,440, முதலாளி பங்கு 440, பென்ஷன் 1,000. கடைசி இரண்டும் சேர்ந்ததுதான் முதலாளியுடைய 1,440. அதையும் தம்பி தலையிலேயே கட்டிவிட்டார்கள். கணக்கில் பணம் ஏறியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் இதில் உள்ள தந்திரம். முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கவே கூடாது என்று பி.எஃப் விதியிலேயே இருக்கிறது.

அப்புறம் ஓ.டி. 12,000-ஐ 208 மணி நேரத்தால் (26 நாள், நாளுக்கு எட்டு மணி) வகுத்தால் மணிக்கு சுமார் 57 ரூபாய் 70 பைசா. 104 மணிக்கு 6,000, அதாவது ஒற்றை ரேட்டில் போட்டிருக்கிறான். இரட்டிப்பு தரணும். வாடகைப்படியை விட்டுவிட்டு அடிப்படையை மட்டும் வைத்துப் பார்த்தாலும் 12,000 வரணும். ஆக மாசம் 6,000-மும் 1,440-மும், 7,440 ரூபாய் போகிறது. ஒரகடம் 19,000 என்று யோசிக்கிறீர்களே, முறையாகக் கொடுத்தால் இதே யார்டில் கைக்கு 24,000-க்கு மேல் வரும்.

பதில்: கால்வாய்க்கரை

கணக்கு எல்லாம் அருமை தலைவரே. கேட்டால் மறுநாள் "நீ நாளைலேர்ந்து வராதே" என்பான், அதுக்கு என்ன கணக்கு? நான் காசிமேடு. இன்டர்வியூவில் முதல் கேள்வியே எந்த ஏரியா என்றுதான். காசிமேடு என்றதும் பேனாவை மூடி வைத்துவிடுவான். உள்ளூர்க்காரன் என்றால் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து நிற்பான் என்று பயம். வடக்கத்திப் பையன்களை ஷெட்டில் தங்க வைத்தால் பன்னிரண்டு மணி நேரமும் கேள்வி கேட்காமல் செய்வான். நம்ம காற்றில் புகை, நம்ம தண்ணியில் எண்ணெய், வேலை மட்டும் வெளியூரானுக்கு.

பதில்: பின்னி_மில்_பிள்ளை

கால்வாய்க்கரை தம்பி, கோபம் புரிகிறது, ஆனால் குறி தப்புகிறது. ஷெட்டில் படுத்திருக்கும் பையன் உன் வேலையைப் பறிக்கவில்லை, அவனுக்கு உன்னைவிடக் குறைச்சலாகக் கொடுக்க முடிகிறது என்பதால் உன்னை எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்றால் எந்த கான்ட்ராக்டர் எதுக்கு ஷெட் போடப்போகிறான்?

என் அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவு. மழைக்காலத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு புளியந்தோப்பு வழியாகப் போவார், ஏழாம் தேதி சம்பளம், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அயனாவரம் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரி. அதெல்லாம் மில்காரன் பிரியப்பட்டுத் தந்தது இல்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் ஆரம்பித்தது, 1921-இல் மாசக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. 1996-இல் மில்லை மூடியபோது எங்கள் தெருவே இரண்டு மாதம் பேச்சில்லாமல் இருந்தது. இப்போது மெட்ரோவில் விம்கோ நகர் என்று அறிவிப்பு வரும்போது என் பேத்தி அது யார் தாத்தா என்கிறாள். தீப்பெட்டிக் கம்பெனி என்றால் சிரிக்கிறாள். (கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.)

பதில்: எக்ஸ்போர்ட்_அக்கா

இந்த பி.எஃப் கதை எங்கள் தையல் யூனிட்டிலும் நடந்தது, அதனால் சொல்கிறேன். தனியாகப் போகாதீங்க. நாங்கள் நாலு பேர் சேர்ந்து போனோம். முதலில் ஆறு மாசத்து சீட்டுப் போட்டோ, பாங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிரின்ட் எடுத்தோம். 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று எஸ்.எம்.எஸ் வரும், பதிவு செய்த நம்பரிலிருந்து கொடுக்கணும். பி.எஃப் ஆபீஸ் குறைதீர் இணையதளத்தில் புகார் போட்டோம், ராயப்பேட்டைக்கு நேரிலும் போனோம். பிடித்ததை முதலாளி இரண்டு தவணையில் திருப்பினான். பொய் சொல்ல மாட்டேன், எங்களில் ஒருத்தியை வேறு லைனுக்கு மாற்றி மூணு மாசம் கொடுமைப்படுத்தினான்.

ஓ.டி. விஷயத்துக்குப் போக வேண்டியது தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை. 2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத்தொகுப்பு அமலில் இருக்கிறது, அதிலும் ஓ.டி. இரட்டிப்புக்குக் குறையக்கூடாது, மூன்று வருஷம் வரைக்கும் பழைய பாக்கியைக் கேட்கலாம். கான்ட்ராக்டர் கையை விரித்தால் யார்டு கம்பெனிதான் சம்பள பாக்கிக்குப் பொறுப்பு. ஆகவே மனுவில் கம்பெனி பெயரையும் கட்டாயம் சேருங்கள். தம்பி கேட் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பக்கத்தை முடிந்தால் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வந்த நேரம், போன நேரம் அதில்தானே இருக்கு.

ஒரகடம் பற்றி: 4.15 பஸ் என்றால் எழுந்திரிப்பது மூன்றரை. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. எட்டு மணி நேர வேலை பன்னிரண்டாகிவிடும், நடுவில் இரண்டு மணி தூங்கலாம், அவ்வளவு வித்தியாசம்தான். ஆனால் நேரடிச் சம்பளமா, அங்கேயும் கான்ட்ராக்டா என்று முதலில் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை_அண்ணன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்கச் சொன்னதைக் கேட்டேன், ஒரகடத்திலும் கான்ட்ராக்ட்தான். அம்மாவுக்கு நிம்மதி.

நேற்று தம்பியுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு இரண்டு வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்றான். பி.எஃப் மட்டும் 34,560. அவன் பேட்சில் பதினோரு பேர், எல்லோரிடமும் சீட்டுக் கேட்டு மெசேஜ் போட்டான். நம்ம ஆட்கள் எல்லோருக்கும் நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. பிகார்ப் பையன் ஒருத்தன் மட்டும் ராத்திரியே அனுப்பியிருக்கிறான். அவனுக்கும் 2,880 பிடித்தம், ஆனால் பாஸ்புக்கில் நாலு மாசமாக ஒன்றுமே ஏறவில்லை. அதற்கும் இதே புகார்தானா, தனியாகப் போடணுமா?

எக்ஸ்போர்ட்_அக்கா

அவன் கணக்கு வேறு, புகார் தனியாகத்தான். ரெண்டையும் ஒரே நாளில் போடுங்க. இந்தி தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.