கோலாலம்பூருக்கு வாக்கை மாற்றினால் பினாங்கு சட்டமன்ற வாக்கு போய்விடுமா?

செந்தூல்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், சுங்கை பாக்காப்பில் பிறந்து வளர்ந்தவன். பதினோரு ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். செந்தூலில் வாடகை வீட்டில் மனைவி, மகளுடன் இருக்கிறேன். மைகார்டு எனும் அடையாள அட்டையில் இன்றுவரை அம்மாவின் வீட்டு முகவரிதான் உள்ளது, ஆகவே வாக்கும் அங்கேதான்.

மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கும் காலம் நெருங்குவதால் முகவரியை மாற்றிவிடலாம் என்று சென்ற வாரம் தேசியப் பதிவிலாகாவுக்குப் போனேன். எண் சீட்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரோடு பேச்சு வந்தது. “வாக்கையும் இங்கே மாற்றப் போகிறாயா, தம்பி? கோலாலம்பூர்க்காரனுக்குச் சட்டமன்ற வாக்கே கிடையாது, தெரியுமா?” என்று அவர் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் எண்ணை அழைக்குமுன்பே எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் மாநிலத் தேர்தலுக்கு ஊருக்குப் போய் வாக்களித்தேன். ஆனால் 2024 ஜூலை 6ஆம் நாள் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது இரவு வேலையைக் காரணம் காட்டிப் போகாமல் இருந்துவிட்டேன். அம்மா தனியாகப் போய் வாக்களித்துவிட்டு, மை பூசிய விரலைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படத்திற்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

என் கேள்விகள் இரண்டு. பெரியவர் சொன்னது உண்மைதானா, உண்மையென்றால் நான் இழக்கப்போவது என்ன? இரண்டாவது, இங்கே வாழ்ந்துகொண்டு அங்கே வாக்கை வைத்திருப்பது முறைதானா?

பிறை ஓய்வாசிரியர்

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1ஆம் நாள் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, கூட்டரசின் (நடுவண் அரசின்) நேரடி ஆட்சியிலுள்ள கூட்டரசுப் பிரதேசமானது. அதற்கு முன் அங்கிருந்தவர்கள் சிலாங்கூர் சட்டமன்றத்திற்கு வாக்களித்து வந்தார்கள். பிரிந்த பிறகு அந்த உரிமை போய்விட்டது. இன்று தலைநகரில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள் உண்டு, சட்டமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. லாபுவான், புத்ராஜெயா மக்களின் நிலையும் இதுவே.

நீங்கள் இழப்பது என்ன என்பதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் நாடாளுமன்ற வாக்குதான் பெரிய வாக்கு என்றும் சட்டமன்ற வாக்கு அதற்குத் துணையாக வருவது என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். கல்வி, காவல் துறை, மருத்துவமனை ஆகியவை கூட்டரசின் கையில் இருக்கின்றன. நிலமோ மாநிலத்தின் கையில் இருக்கிறது. நம் சமூகத்தின் பழைய வழக்குகளை நினைத்துப் பாருங்கள்: தோட்டம் விற்கப்பட்டபின் அதிலிருந்த கோயில் யார் நிலத்தில் நிற்கிறது, தமிழ்ப்பள்ளிக்கு மாற்று நிலம் எங்கே, லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்குப் பட்டா உண்டா என்பவைதானே அவை? பள்ளியை நடத்துவது கல்வியமைச்சு, ஆனால் பள்ளி நிற்கும் மண்ணைப் பற்றிப் பேச மாநில அரசிடம்தான் போக வேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2009இல் குளுகோர் கம்போங் புவா பாலாவில் நம் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மாடு வளர்த்து வாழ்ந்த அந்த ஊரின் வழக்கும் மாநில அரசின் வழியாகக் கைமாறிய நிலத்தைப் பற்றியதுதான்.

நகராண்மையும் இப்படித்தான். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு ஒழிக்கப்பட்டன. பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திற்கும் செபராங் பிறை மாநகர் மன்றத்திற்கும் உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசே. கால்வாய் அடைப்பு, இரவுச் சந்தை உரிமம், வீட்டு வரி ஆகியவற்றில் நம் குரல் போய்ச்சேரும் ஒரே வழி சட்டமன்ற வாக்குத்தான்.

மாநிலத்தில் 13 நாடாளுமன்றத் தொகுதிகளுக்குள் 40 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. உங்கள் நிபோங் திபால் நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஜாவி, சுங்கை பாக்காப், சுங்கை ஆச்சே என்ற மூன்று வருகின்றன. நான் வாக்களிக்கும் பிறைச் சட்டமன்றத் தொகுதி, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. இந்த நாற்பதில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிறையில் வென்ற பேராசிரியர் இராமசாமி 2008 முதல் 2023 வரை இரண்டாம் துணை முதலமைச்சராக இருந்தார். பல இனத்தார் சேர்ந்து வாக்களித்ததால் கிடைத்த இடம் அது. அங்கே ஒவ்வொரு வாக்கும் எண்ணிப் பார்க்கப்படும்.

நான் ஆசிரியராக இருந்தபோது சில தேர்தல்களில் வாக்குச்சாவடி எழுத்தராகப் பணியாற்றியிருக்கிறேன். வாக்காளர் தம் மைகார்டை நீட்டியதும் அவர் பெயரையும் எண்ணையும் உரக்க வாசிப்போம். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரின்மேல் கோடு போடுவார்கள். மாலையில் கதவை மூடிய பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்தால், கோடு விழாத பெயர்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கும். அவற்றில் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களையும் கண்டிருக்கிறேன். பலர் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ இருந்தார்கள். ஆகவே என் கருத்து இது: ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்குப் போகும் ஊராக இல்லாமல், அது இன்னும் உங்கள் வீடாக இருக்குமானால், வாக்கை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வைத்துக்கொண்டால் போய்ப் போடுங்கள்.

சட்டம் பயின்றவள்

ஐயா சொன்ன செய்திகளில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மாறுபடுகிறேன்.

கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது பிரிவு, ஒரு தொகுதியில் வசிப்பவரே அங்கே வாக்காளர் என்று சொல்கிறது. பிறந்த ஊர் என்றோ தாய் வீடு என்றோ அதில் இல்லை. முகவரி மாறினால் பதிவிலாகாவில் தெரிவிப்பதும் நம் கடமை. பதினோரு ஆண்டுகள் ஒரே நகரத்தில் குடும்பத்தோடு இருப்பவர் அந்த நகரத்தில் வசிக்கிறார் என்பதைத் தவிர வேறெப்படிச் சொல்ல முடியும்? ஒருவர் பாசத்தால் வாக்கை ஊரில் வைத்திருப்பதை நாம் ஏற்றுக்கொண்டால், ஒரு கட்சி ஆட்களைத் திட்டமிட்டு வேறொரு தொகுதியில் பதிந்து வைப்பதை எந்த வாயால் கண்டிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் படிக்கப்போகும் பள்ளி, நீங்கள் நடக்கும் நடைபாதை, மழை பெய்தால் நிரம்பும் கால்வாய் ஆகிய எல்லாம் இங்கே இருக்கின்றன. மாநகரத் தலைவரான டத்தோ பண்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுபவர். சட்டமன்றமும் இல்லை. அப்படியானால் கோலாலம்பூர்வாசியின் கையில் எஞ்சியிருப்பது ஐந்தாண்டுக்கு ஒரு நாடாளுமன்ற வாக்கு மட்டுமே. இருக்கும் அந்த ஒன்றையும் இங்கே வாழ்பவர்கள் பயன்படுத்தாமல் ஊரில் விட்டுவைத்தால், தலைநகருக்கு ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கையை யார் எடுத்துச் செல்வது?

அஞ்சல் வாக்கு இருந்தால் இந்தச் சிக்கல் பாதி குறைந்திருக்கும். லண்டனில் வேலை செய்யும் பினாங்குக்காரர் வெளிநாட்டு வாக்காளராக விண்ணப்பித்து அஞ்சல் வழியே வாக்களிக்கலாம். செந்தூலில் வேலை செய்பவர், தேர்தல் பணியிலோ அன்றைய கடமையிலோ இருக்கும் குறிப்பிட்ட துறையினராக இருந்தாலன்றி, நேரில் போயே ஆக வேண்டும். புக்கிட் மெர்தாஜாம் வரை ரயிலில் நான்கு மணி நேரம் பயணம் செய்பவருக்கு இது நியாயமாகத் தோன்றாது; எனக்கும் நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் இதற்காகக் குரல் கொடுப்பது ஒன்று, வசிக்காத முகவரியை அட்டையில் வைத்திருப்பது வேறொன்று.

உங்கள் வீடு வாடகை வீடு என்பதால் ஒரு செய்தியைச் சொல்லி வைக்கிறேன். செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் நான்கு நிறுத்தம் போனால் பத்துமலை வந்துவிடும். அது சிலாங்கூர். அங்கே குடியிருப்பவருக்கு நாடாளுமன்ற வாக்கும் உண்டு, 56 இடங்கள் கொண்ட சிலாங்கூர் சட்டமன்றத்திற்கான வாக்கும் உண்டு. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் விலையோடும் தூரத்தோடும் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாக்காப் தங்கை

அண்ணா, நான் உங்கள் ஊர்தான். வால்டோர் பக்கம் இருக்கிறேன். அந்த இடைத்தேர்தலில் எந்தக் கட்சிக்காக வீடு வீடாகப் போனேன் என்பது இங்கே தேவையில்லை. எண்களை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அவற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2023இல் எங்கள் தொகுதியில் பெரிக்காத்தான் நேசனல் கூட்டணி சார்பில் நின்ற பாஸ் கட்சி வேட்பாளர் 15,433 வாக்குகள் பெற்றார்; பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி வேட்பாளருக்கு 13,870 கிடைத்தன. வேறுபாடு 1,563. வென்றவர் 2024 மே மாதம் காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. அதில் பாஸ் வேட்பாளர் 14,489, பக்காத்தான் வேட்பாளர் 10,222. வேறுபாடு 4,267. பெரும்பான்மை ஏறத்தாழ மூன்று மடங்கானதைப் பார்த்து அலை வீசியது என்றே எல்லாரும் பேசினார்கள். ஆனால் எண்களை மறுபடி பாருங்கள். வென்ற கட்சிக்கே முந்தைய ஆண்டைவிட 944 வாக்குகள் குறைந்தன. தோற்ற பக்கத்திற்கு 3,648 குறைந்தன. யாரும் கூடுதலாகப் பெறவில்லை, அண்ணா. ஏறத்தாழ 39,000 வாக்காளர்களில் நூற்றுக்கு 63 பேரே அன்று வந்தார்கள்.

வராதவர்கள் எல்லாம் நம்மவர் என்று நான் சொல்ல மாட்டேன். தொகுதியில் இந்தியர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மலாய்க்காரரிலும் சீனரிலும் வராதவர்கள் நிறைய இருந்தார்கள். தண்ணீர் விநியோகம் சரியில்லை, தொகுதிக்கு ஒன்றும் நடக்கவில்லை என்ற மனக்குறையால் வேண்டுமென்றே வராதவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வரிசை வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் ஐந்து பெயர்கள் இருந்தன. கதவைத் திறந்தவர் ஓர் அம்மா. மற்ற நால்வரும் அவர் பிள்ளைகள், ஒருவர்கூட ஊரில் இல்லை. “போன் போட்டுச் சொல்கிறேன்மா” என்று சொல்லி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். தேர்தல் நாளன்று அவர் மட்டுமே வந்ததைச் சாவடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

பட்டியலில் பெயர் இருந்து ஆள் வராமல் போனால் பிரச்சாரம் செய்பவர்களின் கணக்கே தவறிவிடுகிறது. யாருடைய குறையைக் கேட்பது, எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே நான் சட்டம் பயின்ற அக்காவின் பக்கம்தான். வர முடியாதென்றால் மாற்றிவிடுங்கள். அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

பிறை ஓய்வாசிரியர்

தங்கை எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். நான் பாசத்தை முன்வைத்துப் பேசிவிட்டேன். எண்கள் வேறு கதை சொல்கின்றன.

நடைமுறை பற்றி ஒரு சொல். மைகார்டில் முகவரியை மாற்றினால் வாக்கும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. 2021 டிசம்பரில் 18 வயது வாக்குரிமையோடு நடைமுறைக்கு வந்த தானியங்கிப் பதிவு, புதிய வாக்காளர்களைச் சேர்ப்பதற்கானது. ஏற்கெனவே பதிந்திருப்பவர் முதலில் அட்டையில் முகவரியை மாற்றி, பின்பு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்திற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மைஎஸ்பிஆர் டாஃப்தார் இணையத்தளத்தின் வழியாகவே செய்யலாம். மன்றம் கலைக்கப்பட்ட பிறகு விண்ணப்பித்தால் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது, ஆகவே கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

செந்தூல்வாசி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மனைவியிடம் பேசினேன், பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். திங்கட்கிழமை மறுபடியும் பதிவிலாகாவுக்குப் போகிறேன். பத்துமலைப் பக்கம் வீடு பார்ப்பது கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை, இப்போதைக்குச் செந்தூல்தான்.

அம்மா கோபப்படவில்லை. “அப்போ ஓட்டுக்கு நீ வரமாட்டே” என்று மட்டும் சொன்னார். 2023இல் அவரை என் காரில் பள்ளிக்கூடம் வரை அழைத்துப்போய், வயதானவர்களுக்கான முதலாம் வரிசையில் நாற்காலி கேட்டு உட்கார வைத்துவிட்டு என் வரிசைக்குப் போனேன். இடைத்தேர்தலன்று வெயிலில் நடந்தே போயிருக்கிறார் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

பாக்காப் தங்கை

அண்ணா, அம்மாவின் வீடு எந்தத் தாமானில் (குடியிருப்பில்) என்று தனிச்செய்தியில் மட்டும் எழுதுங்கள். அடுத்த தேர்தலன்று காலை எட்டு மணிக்கு நானே காரோடு வாசலில் நிற்கிறேன்.