புதுப்பிப்பு: வீட்டில் மரப்படகு கட்ட ஜிக்சா போதுமா?
6 மி.மீ. மரைன் பிளைவுட்டை (நீர் தாங்கும் ஒட்டுப்பலகை) செம்புக் கம்பியால் தைத்து, எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்டும் 12 அடிப் படகுக்கு ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மின் ரம்பம்) போதுமா என்று கேட்டிருந்தேன். படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, இங்கே ஒருவர் சொன்ன சிறிய வட்ட ரம்பம்தான். பிளேடு பலகைக்குக் கீழே 2 மி.மீ. மட்டும் நீட்டும்படி வைத்தால் நீளமான வளைவு சீராக வருகிறது. ஜிக்சாவில் ஓரம் சிலும்பியது. அதைக் குறுகிய வளைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அப்புறம் இரு பக்கப் பலகைகளையும் ஒன்றாகப் பிடித்துச் சின்ன இழைப்புளியால் இழைத்தேன், அச்சாக ஒன்றுபோல் வந்தன.

எதிர்பாராதது வெயில். குவளையில் கலக்கிய எபாக்சி பத்தே நிமிடத்தில் சூடேறி இறுகிவிட்டது. அகலத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, விடியற்காலையில் பூசினேன். நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைத்தது.

பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போதாதபோது பிவிசி குழாயை வளையங்களாக அறுத்து, ஒரு பக்கம் பிளந்து மாட்டினேன். நன்றாகவே பிடித்தது.