லயத்து வீட்ல இருந்து ஒன்லைன் தெரபி எடுக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

லிந்துல_மழை:
கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க. நான் அட்டன்ல ஒரு பைனான்ஸ் கம்பனில வேலை, வீடு லிந்துலைக்குப் பக்கத்துல ஒரு தோட்டம். பெரிய வருத்தம்னு ஒண்ணும் இல்ல, சாப்பிடுறேன் தூங்குறேன் வேலைக்குப் போறேன், ஆனா மனேஜர் "கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிட்டாலே நெஞ்சு படபடங்குது, வீட்டுக்கு வந்தா அம்மா சும்மா ஏதாவது கேட்டாலும் எரிஞ்சு விழுறேன், அப்புறம் ஏன்டா அப்படி பேசுனோம்னு படுத்துகிட்டு அதையே யோசிக்கிறேன். ஃப்ரெண்ட் ஒருத்தி சொல்லி ஒரு தெரபிஸ்ட் மிஸ்கிட்ட வீடியோ கோல்ல கதைக்க ஆரம்பிச்சேன். அவங்க சென்னைல இருக்காங்க. தமிழ்லயே கதைக்கலாம், அவங்க நேரமும் நம்ம நேரமும் ஒண்ணுதான், அது வசதி.

ஆனா எங்க வீடு வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துல ஒண்ணு, ஒரு காம்பரா, அதாவது ரூம், இஸ்தோப்புன்னு ஒரு திண்ணை, குசினி, அவ்வளவுதான். நடுச் செவுரு கூரை வரைக்கும் போகாது, பக்கத்து வீட்டு மாமா இருமுனா இங்க கேக்கும். மிஸ் "இந்தக் கிழமை அம்மாவோட எப்படி இருந்திச்சு"ன்னு கேக்கிறாங்க, அம்மா குசினில ரொட்டி தட்டிகிட்டு இருக்காங்க, நான் என்னத்த சொல்ல? "பரவாயில்ல மிஸ், இப்ப நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு வெச்சிர்றேன். காசு கட்டி இதைத்தான் செய்றேன் :( மிஸ்ஸும் நான் நல்லாகிட்டு வர்றேன்னு நம்புறாங்க போல. ஒரு அட்டவணை குடுத்து மனசுல ஓடுறத எழுத சொன்னாங்க, தங்கச்சி எடுத்து வாசிச்சிருவாளோன்னு அதுவும் எழுதல. வெளிய போய் கதைக்கலாம்னா மேட்டுலதான் சிக்னல், அங்க போனா அட்டை கடிக்குது, பின்னேரமானா மழை. நிப்பாட்டிறவா?

பதுளை_அண்ணன்:
கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, இதெல்லாம் கொழும்புக்காரங்களுக்கு சரி. எங்க அம்மாவெல்லாம் கொழுந்து எடுக்கிறப்ப பக்கத்து நிரைல நிக்கிற பொம்பளைங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டு, தோட்டத்து ரோதமுனி சாமிக்கு ஒரு கற்பூரத்த காட்டிட்டு வந்துருவாங்க, அதோட சரி. ஸ்கிரீன்ல தெரியிற ஒருத்தருக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும்?

பண்டாரவளை_அக்கா:
அண்ணன் சொல்றதுல பாதி சரி. பக்கத்துல ஆள் இருந்து கேக்கிறது பெரிய விஷயம்தான். ஆனா நிரைல சொன்னது பொழுது சாயிறதுக்குள்ள கடைசி லயம் வரைக்கும் போயிரும், அதையும் சொல்லணும்ல.

லிந்துல தங்கச்சி, நான் முந்தி ஒரு உளவளத்துணை நிலையத்துல உதவியாளரா இருந்தேன், அத வச்சு சொல்றேன். இப்ப நிப்பாட்டாதீங்க, மொதல்ல இங்க எழுதுனத அப்படியே மிஸ்ஸுக்கு எழுதி அனுப்புங்க. "நான் நல்லாருக்கேன்னு சொன்னது அம்மா பக்கத்துல இருந்ததால"ன்னு ஒரு வரி போதும். சென்னைல இருக்கிறவங்க லயத்த பாத்திருக்க மாட்டாங்க, அவங்களுக்கு தெரியிறது உங்க முகமும் பின்னால ஒரு செவுரும்தான். வீட்ல யார் யார் இருக்காங்க, எவ்வளவு சத்தத்துக்கு எங்க வரைக்கும் கேக்கும்னு சொன்னீங்கன்னா அவங்க முறைய மாத்துவாங்க. ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேக்கலாம், ஹெட்செட்ல அவங்க பேச நீங்க டைப் பண்ணலாம், இல்லாட்டி அட்டன்லயே பகல் சாப்பாட்டு நேரத்துல வைக்கலாம். வழமையா 45, 50 நிமிஷம்தான் ஒரு தடவைக்கு, அவங்க சம்மதிச்சா அதையும் குறைக்கலாம்.

அந்த அட்டவணைய விடாதீங்க, சிபிடின்னு நம்ம நெனப்பையும் நடந்துக்கிற விதத்தையும் பாத்து மாத்துற தெரபி முறைல முக்கியமான வேலையே அதான். 1960கள்ல அமெரிக்கால ஆரோன் பெக்னு ஒரு மனநல டொக்டர் தொடக்கி வெச்ச முறை அது. மனேஜர் கூப்பிட்டாரா, அந்த நொடில மனசுல என்ன வந்திச்சுன்னு எழுதணும், "வேலை போச்சு"ன்னா அதையே எழுதுங்க, உடம்புல என்ன ஆச்சு, அந்த நெனப்பு சரின்னு சொல்ல என்ன ஆதாரம், இல்லன்னு சொல்ல என்ன இருக்கு, இவ்வளவுதான். போன தடவை அவர் கூப்பிட்டது ஒரு ஃபைல் எங்கன்னு கேக்கத்தான்னு எழுதுறப்பதான் ஞாபகம் வரும், நெஞ்சு படபடக்கிறப்ப வராது. கொப்பில எழுத பயம்னா ஃபோன்ல பூட்டு போட்டு எழுதுங்க, பஸ்ல வர்றப்பவே முடிச்சிரலாம். ராத்திரி யோசனைக்கும் ஒரு வழி இருக்கு, பின்னேரம் ஒரு 15 நிமிஷத்த கவலைப்படுறதுக்குன்னே ஒதுக்கி வெச்சிட்டு, மத்த நேரத்துல வர்றத "அப்புறம் பாக்கலாம்"னு அங்க தள்ளி விடுறது. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா பலபேருக்கு உதவுது.

இன்னொண்ணு, அவசரம்னு வந்தா சென்னை மிஸ்ஸால லிந்துலைக்கு ஆள் அனுப்ப முடியாது. அதனால உங்களுக்கு நெருக்கமான ஒருத்தரோட நம்பர அவங்ககிட்ட குடுத்து வைங்க. தூக்கம் சாப்பாடு ரெண்டும் போயி, வாழவே வேணாம்னு தோணிச்சுன்னா அப்பொய்ன்ட்மன்ட் வரைக்கும் பொறுக்காதீங்க, 1926க்கு எடுங்க. அது தேசிய மனநல நிறுவகத்தோட நம்பர், 24 மணி நேரமும். மருந்து தேவைன்னா மனநல டொக்டர்தான் பாக்கணும், தெரபிஸ்ட் எழுத மாட்டாங்க, பெரிய கவர்மண்ட் ஹொஸ்பிட்டல்ல அதுக்கு கிளினிக் இருக்கு, காசு இல்ல.

மஸ்கெலியா_தம்பி:
நான் டைப் பண்ற முறைதான் எடுத்தேன், கோல் இல்ல. யாருக்கும் கேக்காது, சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் மெசேஜ் எப்படியாச்சும் போயிரும். ஆனா கோவம் வந்தப்ப எழுதுனதுக்கு மறுநாள்தான் பதில் வரும், அதுக்குள்ள கோவமே போயிருக்கும் 😅 அழுதாலும் அவங்களுக்கு தெரியாது. அதனால நடுவுல ஒரு தடவையாச்சும் கோல்ல கதைக்கிறது நல்லம்.

அக்கா சொல்லாத ஒண்ணு, ஆப் மூலமா எடுக்கிறதா இருந்தா நீங்க எழுதுறது எங்க போகுதுன்னு பாருங்க. பெட்டர்ஹெல்ப்னு ஒன்லைன் தெரபி குடுக்கிற பெரிய அமெரிக்க கம்பனி, ஆளுங்களோட மனநல விவரங்கள விளம்பரத்துக்காக பேஸ்புக் மாதிரி கம்பனிகளுக்கு குடுத்துச்சுன்னு அங்க வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்து, 2023ல 78 லட்சம் டொலர் கட்ட வெச்சாங்க. தனி ஆள்கிட்ட போறதா இருந்தாலும் என்ன படிச்சிருக்கீங்க, குறிப்பெல்லாம் எங்க வெக்கிறீங்கன்னு கேளுங்க, நல்ல தெரபிஸ்ட் கோவிக்க மாட்டாங்க.

லிந்துல_மழை:
அக்கா, ரொம்ப நன்றி. நேத்தே மிஸ்ஸுக்கு எழுதிட்டேன். கோவிப்பாங்கன்னு பயந்தேன், அவங்க வீட்ட ஒரு படமா கீறி அனுப்ப சொல்லியிருக்காங்க, எந்தப் பக்கம் குசினி எந்தப் பக்கம் கதவுன்னு. அடுத்தது அட்டன்ல, ஃப்ரெண்ட் போர்டிங் ரூம்ல, பகல்ல.

பதுளை அண்ணன், நிரைல சொல்றதெல்லாம் சரி, ஆனா எனக்கு சொல்ல வேண்டியது அம்மாவப் பத்தி. அந்த நிரைல நிக்கிறதே எங்க அம்மாதானே.

பதுளை_அண்ணன்:
அது சரிதான், நான் அத யோசிக்கல. ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கிறாங்க? எங்க தங்கச்சி ஒருத்தி ஏ எல் பரீட்சை எழுதப் போறா, புத்தகத்த திறந்தாலே அழுறா.

பண்டாரவளை_அக்கா:
ஆளுக்கு ஆள் வேற அண்ணன். கட்ட முடியாதுன்னு முன்னாடியே சொன்னா சிலபேர் குறைச்சு எடுப்பாங்க, கேக்கிறதுல வெக்கமில்ல. ஆனா பிள்ளை ஸ்கூல்ல படிக்கிறான்னா மொதல்ல அங்க கவுன்சிலிங் பாக்கிற டீச்சர் இருக்காங்களான்னு விசாரிங்க. அவகிட்ட சொல்லிட்டு போய் கேளுங்க, அவளுக்குத் தெரியாம வேணாம்.