கண்ணாடிப் பெண்டன்ட்: உள்ளே வெள்ளித் திட்டும் பால் மங்கலும் வருகிறது, உதவுங்கள்

பூந்தாள்:
வணக்கம். இரண்டு மாதமாகக் கண்ணாடிச் சில்லுகளின் அடியில் பூப்போட்ட தாள் ஒட்டிப் பெண்டன்ட் செய்கிறேன். 25 மில்லிமீட்டர் சதுரச் சில்லு. தாளைச் சில்லின் அளவுக்கே வெட்டி, வெள்ளைப் பசை தடவி, கண்ணாடியை வைத்து அழுத்துவேன். அரை மணி நேரத்தில் பின்பக்கமும் இரண்டு கோட் பசை பூசிவிடுவேன். மறுநாள் சூப்பர் க்ளூவில் வளையம்.

கடைசியாகச் செய்த 12-இல் 7 வீணாகிவிட்டன. சிலவற்றில் பாதரசம் போலப் பளபளக்கும் திட்டுகள். சிலவற்றில் படம் முழுவதும் பாலாடை படிந்தது போல் இருக்கிறது, நான்கு நாளாகியும் தெளியவில்லை. வீட்டில் அச்செடுத்த மயிலின் நீலம் கழுத்திலிருந்து தோகை வரை கசிந்துவிட்டது. அது தோழிக்கென்று செய்தது, மனசே கேட்கவில்லை.

மணிச்சரம்:
மயிலை இங்க்ஜெட்டில் அச்செடுத்தீர்களா? அந்த மையில் பெரும்பாலும் தண்ணீர்தான், ஈரப்பசை பட்டால் கரையும். லேசர் பிரின்ட் எடுங்கள். அதில் வண்ணப்பொடி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டியிருப்பதால் கசியாது. இங்க்ஜெட்தான் கைவசம் என்றால் அக்ரிலிக் வார்னிஷ் ஸ்பிரேயைப் படப் பக்கத்தில் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

சில்லுப்பெட்டி:
பூந்தாள், உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலில் பிரித்துப் பாருங்கள். சில்லை ஜன்னல் பக்கம் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், திட்டு ஒரு கோணத்தில் கண்ணாடி போல மின்னி இன்னொரு கோணத்தில் அடங்குகிறதா? அது காற்று. எப்படித் திருப்பினாலும் ஒரே வெண்மை என்றால் தண்ணீர்.

காற்றுக்குக் காரணம் தாள். வெறும் தாள் பசையை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சிய இடத்தில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விழும். அதனால் முதல் நாளே தாளின் படப் பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோட் பூசிக் காயவிடுங்கள். ஒட்டும்போது தடவ வேண்டாம், நடுவில் ஒரே ஒரு பெரிய சொட்டு விடுங்கள். அதன்மேல் சில்லை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால், சொட்டு விரிய விரியக் காற்று முன்னால் ஓடும். நாலு ஓரத்திலும் பசை மணியாகப் பிதுங்கி வரவேண்டும். தாளைச் சில்லைவிடப் பெரிதாகவே விடுங்கள், காய்ந்த பிறகு பிளேடால் நறுக்கி உப்புத்தாளில் கீழ்நோக்கித் தேய்த்தால் ஓரம் சுத்தமாக இருக்கும். மேல்நோக்கித் தேய்த்தால் தாள் பிரிந்துவிடும்.

இனி மங்கல். வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். தண்ணீர் போனால்தான் துகள்கள் ஒன்றாகச் சேர்ந்து தெளிவான படலமாகும். கண்ணாடி வழியாகத் தண்ணீர் போகாது, தாள் வழியாகத்தான் போகவேண்டும். நீங்கள் அரை மணி நேரத்தில் அந்த வழியையும் பூசி அடைத்துவிட்டீர்கள்! படம் முழுசாகத் தெளியும் வரை பின்பக்கத்தைத் தொடாதீர்கள். இரண்டு நாளும் ஆகலாம், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகவும் ஆகலாம்.

வீணான ஏழையும் தூக்கிப் போடாதீர்கள். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டால் பசை இளகித் தாள் உரிந்து வரும், சில்லு பழையபடி கிடைக்கும். சூப்பர் க்ளூ ஒட்டிய இடம் மட்டும் லேசில் வராது.

மணிச்சரம்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் பூச்சாகப் படியும். காய்ந்ததும் விறைத்துவிடுவதால் கீழே விழுந்தால் வளையம் படக்கென்று கழன்றுவிடும். வளையத்தின் தட்டை உப்புத்தாளில் சுரண்டி, இ6000 போல நெகிழ்வாகக் காயும் பசை வைத்து, 24 மணி நேரமாவது ஆடாமல் கிடத்துங்கள். முழுப் பிடிப்புக்கு மூன்று நாள் விடுவது நல்லது. வாடை கடுமையானது, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பூந்தாள்:
சொன்னபடி ஒரு மயில் செய்தேன், இந்தத் தடவை லேசர் பிரின்ட். பின்பக்கம் பூசவில்லை. முதல் நாள் மாலை ஓரத்தில் மட்டும் தெளிவு வந்து, நடுவில் நாணயம் போல ஒரு வெள்ளை வட்டம் நின்றது. இரண்டாம் நாள் அது மிளகளவு, மூன்றாம் நாள் காலையில் காணோம். கழுத்தின் நீலம் ஒவ்வொரு கோடாகத் தெரிகிறது! பழைய ஏழில் ஐந்து சில்லு உரிந்து வந்துவிட்டது. இனி பின்பக்கத்துக்கும் வெள்ளைப் பசையே போதுமா? குளிக்கும்போது போட்டுக்கொண்டால் தாங்குமா?

சில்லுப்பெட்டி:
அந்த வெள்ளை வட்டம் சுருங்குவதைப் பார்ப்பதே தனி சந்தோஷம், இல்லையா? பின்பக்கத்துக்கு வெள்ளைப் பசை போதாது, ஈரத்தில் மறுபடி இளகும். தெளிந்த பிறகு அக்ரிலிக் வார்னிஷ் மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. தாளின் விளிம்பிலும் தூரிகையை ஓட்டுங்கள், தண்ணீர் நுழைவது அங்கேதான். அப்படிச் செய்தாலும் வியர்வையும் தூறலும்தான் தாங்கும். குளிக்கப் போகும்போது கழற்றி வைக்கச் சொல்லியே தோழியிடம் கொடுங்கள்.