மறு: ‘கார் சார்ஜர்’ – மகிழுந்து மின்னேற்றி சரிவருமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

‘கார் சார்ஜர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டவன் நான் என்பதால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்கள் சிலர், வண்டியில் போனுக்குச் சார்ஜ் போடும் கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு கேட்டார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ சோதனைச் சாவடிக்கு வந்தபின் போன் அணைந்துபோனால் பாஸை எங்கிருந்து காட்டுவது? டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிக்குப் பாஸ் வேண்டியதில்லை. ஆனால் சவாரி வருவது, வழி பார்ப்பது, பணம் வாங்குவது எல்லாமே போனில்தான். ஆக, கீழே வரும் சொற்களை ஓட்டுநர்கள் படிக்கப் போகிறார்கள். அகராதிக்கு மட்டும் என்றால் இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டேன்.

> மகிழுந்து மின்னேற்றி என்றே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

‘கைப்பேசி மின்னேற்றி’ என்றால் கைப்பேசியை மின்னேற்றுவது. இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதே பழக்கத்தில் படிப்பவர் ‘மகிழுந்து மின்னேற்றி’யை மகிழுந்தை மின்னேற்றுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியதோ மகிழுந்தில் இருந்து போனை ஏற்றுவது. மின்சாரக் கார்கள் வராத காலத்தில் இது வெறும் இலக்கண வம்பு. இன்று மின்சாரக் கார்கள் மலையேறி ஊட்டிக்கே வருகின்றன. அவற்றுக்குச் சார்ஜ் போடும் கம்பத்துக்கும் மின்னேற்றி என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், அதில் தோற்பது சின்னப் பொருளாகத்தான் இருக்கும்.

என் முன்மொழிவு: வண்டிவழி மின்னேற்றி. மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. பின்னால் வெயிலில் ஏற்றுவதற்குக் கதிர்வழி, சுவர்ப் பிளக்கில் ஏற்றுவதற்குச் சுவர்வழி என்று நீட்டிக்கொள்ளவும் இடம் உண்டு. மகிழுந்தை விட்டுவிட்டு ‘வண்டி’யை எடுத்தது வேண்டுமென்றேதான். ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டுபவர்கள் தங்கள் வண்டியை ஒருநாளும் மகிழுந்து என்று சொல்ல மாட்டார்கள். மகிழ்ந்துதான் ஓட்டுகிறார்களா என்பது வேறு கேள்வி.

> உள்ளே நடப்பது மின்னழுத்தத்தை இறக்குவது. ‘மின்னிறக்கி’ என்பதே துல்லியம்.

பொறியியல்படி ஐயா சொல்வது சரி. போனின் பேட்டரியை நிரப்பும் சுற்று போனுக்குள்ளேயே இருக்கிறது. நாம் வாங்கிச் செருகுவது வண்டியின் மின்சாரத்தைப் போன் கேட்கும் அளவுக்கு இறக்கித் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் மின்னிறக்கம் என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மின்கலம் சக்தியை இழப்பதையும், மேகத்திலிருந்து மின்னல் பாய்வதையும் அப்படித்தான் எழுதுகிறோம். போனுக்கு மின்னிறக்கி வாங்கினேன் என்றால் சார்ஜை உறிஞ்சுகிற ஏதோ ஒன்று என்றாகிவிடும். மலிவான சிலவற்றுக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது! 5 வோல்ட், 1 ஆம்பியர் மட்டும் தருகிற கருவியில் கிடைப்பது 5 வாட். திரை முழு வெளிச்சத்தில், வரைபடம் ஓடிக்கொண்டு, மலைப் பாதையில் பர்லியாறு பக்கம் சிக்னலைத் தேடித் தேடிப் போன் களைத்துப்போகும்போது, செருகியிருந்தும் சதவீதம் குறைந்துகொண்டே போகலாம்.

உள்ளே இருக்கும் அந்தச் சுற்றுக்கு மட்டும் ‘இறக்கு மாற்றி’ என்று வைத்துக்கொள்வோம். பாடநூலின் ‘இறக்கு மின்மாற்றி’யை அப்படியே எடுக்க முடியாது, அது மாறுதிசை மின்னோட்டத்துக்கானது, வண்டியில் இருப்பதோ நேர்திசை. குறிப்பில் இந்தச் சொல் அவசியம் வேண்டும், ஏனென்றால் ஆபத்து இருப்பதே இங்கேதான். 12 வோல்ட் பேட்டரி என்கிறோம், எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தொடும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் சட்டென்று கீழே விழும், நடுநடுவே கணநேர உச்சங்களும் வரும். மட்டமான இறக்கு மாற்றியில் சுவிட்ச் பாகம் எரிந்து ஒட்டிக்கொண்டால், தடுக்க வேறு காப்பு இல்லாத பட்சத்தில், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் அந்த 14 அப்படியே போனுக்குப் போகும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்துப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனைப் பணயம் வைப்பது இதுதான். லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: அவர்கள் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட். உறையில் உள்ளீடு 12–24 என்று இல்லாததை அவர்கள் தொடவே கூடாது.

> ஃபாஸ்ட் சார்ஜிங் – அதிவேக மின்னேற்றம்?

‘விரைவேற்றம்’ போதும். ‘அதி’ எல்லாம் விளம்பரக்காரர்களுக்கு. சொல்லைவிட இதில் இருக்கும் பயத்தைப் போக்குவது முக்கியம். 20 வாட், 30 வாட் என்றால் போன் வெந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விரைவேற்றத்துக்கான ‘பவர் டெலிவரி’ என்ற பொது முறையில் கருவி 5 வோல்ட்டில்தான் தொடங்கும். போன் கேட்டால்தான் 9 வோல்ட்டுக்கு ஏறும். எத்தனை ஆம்பியர் இழுப்பது என்பதும் போனின் முடிவு. உறையில் ‘5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர்’ என்று தனித்தனியாக இருந்தால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்: 15 வாட், 18 வாட். வாட் கணக்கு எதுவுமே போடாமல் ‘டர்போ’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருப்பதை வைத்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு துளை உள்ளவற்றில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. ஒரே போனுக்கு அவ்வளவும் கிடைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. எல்லாம் பார்த்தாலும், ஒழுங்கான 20 வாட் கருவி ஐநூறு ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது.

வண்டியில் இந்தக் கருவியைச் செருகும் லைட்டர் பாயிண்டுக்கு ‘சுருட்டுப் பற்றவைப்பித் துளை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டுக்குத்தான் என்று நம்புகிறேன். இப்போது வரும் பல வண்டிகளில் பற்றவைப்பி கிடையாது, அந்தக் குழி மட்டும்தான் மிச்சம். ‘மின்வாய்’ நன்றாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் ஈழத்துப் பாடநூல்களில் அது எலெக்ட்ரோடு, அதாவது நம் மின்முனை. ‘செருகுவாய்’ என்று நான் சொல்வேன். மலைப் பாதையில் இதற்கும் ஒரு முக்கியத்துவம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36. பக்கவாட்டுச் சுருள்வில் தளர்ந்த கருவி செருகுவாயில் ஆடிக்கொண்டே வரும்; தொட்டும் தொடாமலும் இருக்கிற இடம் சூடாகும். கடையிலேயே செருகி, லேசாக அசைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கை வைக்க முடியாத சூடு இருந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிடலாம்.

பியூஸ், வோல்ட், ஆம்பியர், வாட் நான்கையும் தொடப் போவதில்லை. பியூஸை ‘மின்னுருகி’ என்று எழுதினால் ஓட்டுநர் ஒரு நொடி நின்று யோசிப்பார், அந்த நொடி எனக்கு வேண்டாம். ‘ஷார்ட் சர்க்யூட்’ மட்டும் ‘குறுக்குச்சுற்று’ ஆகட்டும், பொருள் தானே விளங்குகிறது.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டும் யூஎஸ்பி துளையையும் ‘வண்டிவழி மின்னேற்றி’யில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பது என் கட்சி. மழை நீர் புகாத மூடி வேண்டும் என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுதான். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து