மறு: கொரிய மரியாதை வடிவங்களுக்கு ‘மரியாதைப் பன்மை’ பொருந்துமா?

> ‘-யோ’, ‘-ஷி-’ எல்லாவற்றுக்கும் ‘மரியாதைப் பன்மை’ என்றே போட்டுவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம்.

கொரிய வினையில் மரியாதைக்காகச் சேரும் ‘-யோ’, ‘-ஷி-’ போன்றவற்றுக்குத் தமிழ் இலக்கணச் சொல்லாக ‘மரியாதைப் பன்மை’ பொருந்தாது என்பேன். ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்குகிறோம், ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்கள்’ ஆக்குகிறோம். நமக்குப் பன்மைதான் கருவி. கொரியத்தில் பன்மைக்கு இதில் வேலையே இல்லை. எல்லாரிடமும் செல்லுபடியாகும் ‘நீங்கள்’ என்ற சொல்லும் அங்கே கிடையாது. அகராதியை நம்பி ‘தங்ஷின்’ என்று பேசப் போனால் வம்பு. கணவன் மனைவிக்குள் சரி, விளம்பரத்தில் சரி. தெருவில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பதாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே பதவியோ முறையோ சொல்லித்தான் பேச்சு: ஆசிரியர் ‘சொன்செங்நிம்’, முதலாளி ‘சாஜங்நிம்’, சாப்பாட்டுக்கடை அம்மா ‘இமோ’, அதாவது சித்தி அல்லது பெரியம்மா. பெயரோடு ஒட்டும் ‘ஸ்ஸி’யும் உண்டு. முழுப்பெயருக்குப் பின் வந்தால் மரியாதை, ‘கிம் ஸ்ஸி’ என்று குடும்பப்பெயரோடு நின்றால் இளக்காரம். இந்த வகைக்கு ‘விளிப்பெயர்’ போதும். தொல்காப்பியத்திலேயே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறதே.

வினைதான் சிக்கல். அங்கே மரியாதை இரண்டு இடத்தில் உட்காருகிறது. நடுவில் வரும் ‘-ஷி-’ யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு. கடைசியில் வரும் ‘-யோ’, ‘-ம்னிதா’ யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு. நண்பனிடம் பாட்டியைப் பற்றி: ‘ஹல்மொனி ஒஷ்யொ’. பெரியவரிடம் தம்பியைப் பற்றி: ‘தொங்செங்கி வாயோ’. முன்னதில் ‘-ஷி-’ உண்டு, ‘-யோ’ இல்லை (கடைசி ‘ஷ்யொ’ என்பது ‘-ஷி-’யின் திரிபுதான்), பின்னதில் நேர்மாறு.

நம் பேச்சிலும் இது அப்படியே இருக்கிறது. ‘பாட்டி வர்றாங்கடா.’ ‘தம்பி வர்றானுங்க.’ (இரண்டாவது கொங்கு வழக்கு. சென்னைக்காரர்கள் ‘அவனுங்க’ என்று பன்மையாகப் படித்துவிட வேண்டாம்!) ‘ஆமாங்க’, ‘நானுங்க’ என்று எதோடும் ஒட்டுகிற அந்த ‘ங்க’ செய்வதைத்தான் ‘-யோ’ செய்கிறது. ‘நானா?’ என்று பணிவாகக் கேட்க ‘ச்சொயோ?’ என்றால் முடிந்தது.

எனவே என் பரிந்துரை: ‘-ஷி-’க்கு எழுவாய் உயர்வு, ‘-யோ’ வகைக்குக் கேட்போர் உயர்வு.

> ‘முன்னிலை உயர்வு’ இன்னும் இலக்கணமாக இருக்குமே?

நானும் முதலில் அதைத்தான் எழுதினேன், பிறகு அடித்தேன். ‘கஸெயோ’ (போங்கள்) என்பதைப் பாருங்கள். போகிறவரும் கேட்கிறவரும் ஒருவரே. ‘-ஷி-’ (இங்கே ‘ஸெ’ என்று திரிந்து), ‘-யோ’ இரண்டும் உள்ளே இருக்கின்றன. இரண்டுமே முன்னிலைக்குத்தானே? பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அந்தச் சொல் கைவிட்டுவிடும்.

பிரித்தால் இன்னொரு லாபம். கொரியக் காபிக் கடைகளில் வாடிக்கையாளரைக் குளிர்விக்கப்போய்க் காபிக்கே ‘-ஷி-’ போட்டுவிடுவார்கள். ‘காபி வந்துட்டாங்க’ என்பதுபோல. அங்கேயே இதைப் பிழை என்று கண்டிக்கிறார்கள். கேட்போருக்குப் போகவேண்டியது எழுவாய்க்குப் போய்விட்டது என்று ஒரே வரியில் விளக்கலாம்.

எனக்குப் பிடிபடாதது ‘பன்மல்’. மரியாதை ஈறு இல்லாத பேச்சு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அரைப்பேச்சு’. ‘ஒருமையில் பேசுதல்’ என்றால் மறுபடி ஒருமை பன்மைக்குள்ளேயே போய் விழுவோம். ‘வெறும்பேச்சு’ வேறு பொருள் தருகிறது. யாருக்காவது சொல் தோன்றுகிறதா?